விரலுக்குத் தகுந்த மோதிரம்

(உயர்தர வர்த்தகப் பிரிவு மாணவி)

2022ஆம் ஆண்டு. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடு முழுவதும் வரிசையில் நின்ற காலம். ஹட்டனில் உள்ள வாப்பாவின் சிறிய கடையில் மாவும் சீனியும் வாங்கவே ஆட்கள் யோசித்தார்கள். ஒருநாள் காலையில் உம்மா, உம்மம்மாவின் மோதிரத்தைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு வங்கியின் அடகுப் பிரிவுக்குப் போனார். துணைக்கு நானும் போனேன்.

அந்த மோதிரத்தின் நடுவில் பட்டாணி அளவில் ஒரு சிவப்புக் கல். "மாணிக்கம்" என்று சொல்லித்தான் எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசுவார்கள். உம்மம்மா இளவயதில் ஒரு வியாபாரியிடம் வாங்கியது. தங்கம் கொஞ்சம்தான், பெறுமதியெல்லாம் கல்லில்தான் என்பது எங்கள் குடும்பத்தின் நம்பிக்கை.

உத்தியோகத்தர் மோதிரத்தை நிறுத்தார். பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "கல்லின் எடையைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் பார்ப்போம் அம்மா. கல்லுக்குப் பணம் இல்லை." உம்மா எதிர்பார்த்ததில் கால்வாசிகூடக் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் உம்மா ஒன்றுமே பேசவில்லை.

இந்த வருடம் எங்கள் ராத்தாவுக்குத் திருமணம் பேசியபோது, நீலக்கல் மோதிரம் ஒன்று வாங்குவதா இல்லையா என்ற பேச்சு எழுந்தது. விலை 4 இலட்சம் ரூபாய். அப்போது எனக்கு அந்த அடகுப் பிரிவின் காலை நினைவுக்கு வந்தது. கல்லைப் பற்றித் தேடிப் படித்தேன், கேட்டறிந்தேன். அறிந்ததை என் தோழியருடனும் பெற்றோருடனும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நம் மண்ணும் கல்லும்

இலங்கைக்கும் இரத்தினக்கல்லுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1344ஆம் ஆண்டு இங்கு வந்த இப்னு பதூதா, நம் மஸ்கெலியாப் பக்கத்து வானத்தில் தெரியும் பாவா ஆதம் மலைக்கும் ஏறினார். இந்நாட்டுப் பெண்கள் பல நிற யாகூத் கற்களை மாலையாகவும் வளையல், காற்சிலம்புக்குப் பதிலாகவும் அணிந்ததைத் தமது பயணக் குறிப்பில் பதிந்திருக்கிறார். நியூயோர்க் அருங்காட்சியகத்தில் உள்ள 563 கரட் நட்சத்திர நீலக்கல்லும், வொஷிங்டன் ஸ்மித்சோனியனில் உள்ள ஏறத்தாழ 423 கரட் லோகன் நீலக்கல்லும் இலங்கையிலிருந்து போனவை. 1981இல் இளவரசி டயானாவின் விரலுக்குப் போன 12 கரட் நீலக்கல்லும் இலங்கைக் கல் என்றே சொல்லப்படுகிறது. 2010இல் அதே மோதிரம் அவரது மூத்த மகனின் நிச்சயதார்த்தத்துக்குப் பயன்பட்டது.

நம் முஸ்லிம் சமூகத்துக்கும் இதில் பெரிய பங்குண்டு. பேருவளை சீனன்கோட்டையின் கல் வியாபாரம் உலகறிந்தது. இரத்தினபுரியில் அகழ்ந்த கல், சீனன்கோட்டையில் கைமாறி, பாங்கொக், ஹொங்கொங் வரை போகிறது.

மலையகத்திலும் கல் உண்டு. பொகவந்தலாவைப் பக்கம் கெசல்கமுவ ஓயாவில் சட்டவிரோதமாகக் கல் அகழ்ந்தவர்கள் கைது என்ற செய்தியைப் பத்திரிகையில் நாம் அடிக்கடி வாசிக்கிறோம். ஆற்றங்கரையைத் தோண்டினால் மண் கரைந்து நீரோடு போய், கீழே காசல்ரீ நீர்த்தேக்கத்தில் படிகிறது. குழியில் இறங்குபவரின் உயிருக்கும் பாதுகாப்பு இல்லை. அதனால் கல் அழகானதா என்று கேட்பதோடு, அது எப்படி வந்தது என்றும் கேட்க வேண்டும். தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் உள்ளவரிடம் மட்டும் வாங்குவது, வாங்குபவருக்கு மட்டுமல்லாமல் ஆற்றுக்கும் நல்லது.

கல்லின் விலை எப்படி உருவாகிறது?

தங்கத்துக்கு நாளாந்தம் ஒரு விலை உண்டு. ஒரு பவுன் என்றால் 8 கிராம். 22 கரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம். ஹட்டனில் கேட்டாலும் கொழும்பில் கேட்டாலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

கல்லுக்கு அப்படி ஒரு விலை கிடையாது. முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தங்கத்தில் கரட் என்பது தூய்மையின் அளவு. கல்லில் கரட் என்பது எடை. ஒரு கரட் 0.2 கிராம், 5 கரட் சேர்ந்தால்தான் ஒரு கிராம்.

கல்லின் விலையை நான்கு விடயங்கள் தீர்மானிக்கின்றன: நிறம், தெளிவு, வெட்டு, எடை. நீலக்கல்லும் மாணிக்கமும் குருந்தம் என்ற ஒரே கனிமத்தின் இரண்டு வடிவங்கள். சிறிதளவு இரும்பும் டைட்டேனியமும் கலந்தால் நீலம். குரோமியம் கலந்தால் சிவப்பு. கண்ணால் பிரித்தறியக் கடினமான ஒரு சாயல் மாற்றத்துக்கே விலை பல மடங்கு ஏறி இறங்கும். நல்ல பெரிய கற்கள் அரிது என்பதால், அதே தரத்தில் 2 கரட் கல் ஒன்றின் விலை, 1 கரட் கல்லின் விலையைப் போல் இரு மடங்குக்கும் அதிகமாகவே இருக்கும்.

ஆனால் எடை மட்டும் விலையாகிவிடாது. 2021இல் இரத்தினபுரியில் ஒரு வீட்டில் கிணறு வெட்டும்போது 510 கிலோகிராம் நீலக்கல் திரள் கிடைத்ததாகச் செய்தி வந்தது. 25 இலட்சம் கரட், 10 கோடி டொலர் வரை பெறும் என்று அப்போது பேசப்பட்டது. பெரிய திரள் என்பதால் அது முழுவதும் மோதிரத்தில் பதிக்கத்தக்க தரமான கல்லாகிவிடாது. அதிலிருந்து எவ்வளவு தெளிவான கல்லை வெட்டி எடுக்கலாம் என்பதுதான் கேள்வி.

அடுத்தது சூடேற்றல். கெவுட என்றழைக்கப்படும் பால் போல மங்கிய குருந்தக் கற்கள் முன்பு நம் நாட்டில் பெறுமதி குறைந்தவையாகக் கருதப்பட்டன. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை மலிவாக வாங்கிப்போய், 1,500 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி அழகிய நீலக்கற்களாக மாற்றி விற்றார்கள். நம்மவர் அந்த நுட்பத்தை அறிவதற்குள் எவ்வளவோ கல் கைமாறிப் போயிருந்தது. சூடேற்றிய கல் போலிக் கல் அல்ல. ஆனால் சூடேற்றாத அதே தரக் கல்லைவிட விலை குறைவு. விற்பவர் அதைச் சொல்லியே விற்க வேண்டும்.

மூன்றாவது, ஆய்வுகூடத்தில் செய்த கல். பிரான்சின் ஒகஸ்ட் வெர்னொய் 1902இல் தீச்சுவாலையில் மாணிக்கத்தை உருவாக்கும் முறையை அறிவித்தார். இரசாயனத்தில் அது அசல் மாணிக்கமேதான். கடினத்திலும் வேறுபாடில்லை. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் உள்ளே வளைந்த கோடுகளும் வாயுக் குமிழ்களும் காட்டிக்கொடுத்துவிடும். விலையோ மிகக் குறைவு.

நான்காவது, வெடிப்புகளுக்குள் ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கம். பார்க்கப் பளபளவென்று இருக்கும். சமையலறையில் எலுமிச்சம்பழம் பிழியும்போது சாறு பட்டாலே அந்தக் கண்ணாடி அரிபடும். நம் வீடுகளில் எலுமிச்சை பிழியாத நாள் உண்டா?

இவற்றைப் பிரித்தறிய நமக்குக் கண் போதாது. ஆய்வுகூடச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ், கல் என்ன வகை, இயற்கையா செயற்கையா, எடை எவ்வளவு, சூடேற்றிய அடையாளம் உண்டா என்று சொல்லும். விலை என்ன என்று பொதுவாகச் சொல்லாது. "சான்றிதழ் இருக்கிறது, ஆகவே விலையும் சரி" என்று யாராவது சொன்னால், அந்த இடத்தில் நிதானிக்க வேண்டும்.

உம்மம்மாவின் கல்

இதையெல்லாம் படித்த பிறகு, அடகிலிருந்து மீட்ட மோதிரத்தைக் கொழும்புக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தோம். செயற்கை மாணிக்கம் என்று வந்தது.

உம்மா அழுதார். விற்ற வியாபாரி யாரென்று இப்போது யாருக்கும் தெரியாது. அவருக்கே அது தெரிந்திருந்ததோ என்னவோ! உம்மம்மா மட்டும் அமைதியாக இருந்தார். "நான் இதை விற்கிறதுக்கு வாங்கவில்லையே, போடுறதுக்குத்தானே வாங்கினேன்" என்று சொல்லி மோதிரத்தைத் திரும்ப விரலில் போட்டுக்கொண்டார்.

அந்த ஒரு வசனத்தில் நான் தேடிய விடை பாதி இருந்தது. அணிவதற்காக வாங்குவது வேறு, சேமிப்புக்காக வாங்குவது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்ததுதான் எங்கள் குடும்பத்தின் பிழை.

"கல் வாங்கினால் நட்டமில்லை, நாளைக்கு விற்கலாம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கல்லை அறிந்த வியாபாரிக்கு அது உண்மையாக இருக்கலாம். நம்மைப் போன்றோர் கடையில் வாங்கும் விலையில் வெட்டுக் கூலி, இடைத்தரகர் பங்கு, கடையின் இலாபம் எல்லாம் அடங்கியிருக்கும். திரும்ப விற்கப் போகும்போது இவற்றில் எதுவும் நமக்குக் கிடைக்காது. தங்கத்தைப் போல அன்றே விற்கவும் முடியாது; அந்தக் கல்லை விரும்பும் ஒருவர் வர வேண்டும். அவசரத்துக்கு உதவாத ஒன்றைச் சேமிப்பு என்று அழைக்கலாமா?

ஏன் கல்லின் மீது இவ்வளவு ஆசை?

பொருளியல் பாடத்தில் ஒரு பழைய புதிர் உண்டு. தண்ணீர் இல்லாமல் உயிர் வாழ முடியாது, ஆனால் அது மலிவு. வைரம் இல்லாமல் வாழலாம், ஆனால் அது விலை கூடியது. அடம் ஸ்மித் 1776இல் எழுப்பிய கேள்வி இது. பின்னால் வந்தவர்கள் எல்லைப் பயன்பாட்டைக் கொண்டு விடை சொன்னார்கள். கிடைப்பது அரிதாக இருந்தால், கடைசியாகக் கிடைக்கும் ஒரு அலகுக்கும் மதிப்பு அதிகம்.

தோர்ஸ்டைன் வெப்லன் 1899இல் வேறொன்றைச் சொன்னார். சில பொருள்களை மக்கள் பயனுக்காக வாங்குவதில்லை. வாங்கும் வசதி தமக்கு உண்டென்று பிறருக்குக் காட்டவே வாங்குகிறார்கள் என்றார். அவர் அமெரிக்காவைப் பற்றி எழுதினார். நம் கல்யாண வீடுகளில் "மோதிரம் எவ்வளவு?" என்று காதோடு காதாகக் கேட்பதைப் பார்த்தால், நம்மைப் பற்றியும் எழுதியது போலவே இருக்கிறது.

எவ்வளவு செலவழிக்கலாம் என்பதற்கு வியாபாரிகளும் ஓர் அளவுகோல் தந்திருக்கிறார்கள். நிச்சயதார்த்த மோதிரத்துக்கு இரண்டு மாதச் சம்பளம் என்பது 1980களில் டி பியர்ஸ் வைர நிறுவனத்தின் விளம்பரம் பரப்பிய கணக்கு. விற்பவர் சொல்லும் அளவு, விற்பவருக்குத்தான் பொருந்தும்.

ராசிக்கல் என்று சொல்லி விலையைக் கூட்டுவதும் உண்டு. மற்றவர்களின் நம்பிக்கையை நாம் குறை சொல்ல வேண்டியதில்லை. கல் நன்மையோ தீமையோ தரும் என்று நாம் நம்புவதில்லை. ஆகவே அதற்கென மேலதிகமாகக் காசு கொடுக்க நமக்குக் காரணமும் இல்லை.

அலங்காரம் நமக்குத் தடுக்கப்பட்டதல்ல. நபி (ஸல்) அவர்களும் வெள்ளி மோதிரம் அணிந்திருந்ததை ஹதீஸ்களில் படிக்கிறோம். தடுக்கப்பட்டது வீண்விரயமும் பெருமையும்தான். கஞ்சத்தனத்துக்கும் ஊதாரித்தனத்துக்கும் இடையிலான நடுவழியே நம் மார்க்கம் காட்டும் வழி. வியாபாரத்துக்காக வைத்திருக்கும் கல்லுக்கு ஸகாத் உண்டு. சொந்தமாக அணியும் கல்லுக்கு இல்லை என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அணியும் தங்கத்தைப் பற்றி மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை உலமாக்களிடம் கேட்டு நடப்பதே நல்லது.

எங்கள் வீட்டுக் கணக்கு

இனி, எவ்வளவு செலவழிக்கலாம் என்ற கேள்விக்கு வருவோம். எங்கள் வீட்டில் போட்ட கணக்கையே உதாரணமாகத் தருகிறேன்.

திருமணத்துக்காக வாப்பா சேர்த்திருந்தது 12 இலட்சம் ரூபாய். விருந்து, உடுப்பு, வீட்டுச் சாமான், போக்குவரத்து எல்லாவற்றுக்கும் 9 இலட்சம். மீதி 3 இலட்சம். நீலக்கல் மோதிரம் 4 இலட்சம். அதாவது, வாங்க வேண்டுமானால் ஒரு இலட்சம் கடன் பட வேண்டும்.

நான் ஒரு கொப்பித் தாளில் நான்கு கேள்விகளை எழுதி வாப்பாவிடம் கொடுத்தேன்.

முதலாவது: கடன் இல்லாமல் வாங்க முடியுமா? முடியாது. அப்போதே 4 இலட்சம் என்ற எண் விழுந்துவிட்டது. கடன் பட்டு வாங்கும் ஆடம்பரத்தின் விலை, கடை சொல்லும் விலையைவிடக் கூடியது.

இரண்டாவது: நாளை ஒரு கஷ்டம் வந்தால் கையில் என்ன இருக்கும்? வாப்பாவின் கடையில் தோட்டத்து ஆட்களே அதிகம் வாங்குகிறார்கள். சம்பளம் வரும்வரை கொப்பியில் எழுதி வாங்குபவர்கள். ஒரு மாதம் சம்பளம் தாமதமானால் எங்களுக்கும் பணம் வராது. அதற்காக ஒரு இலட்சம் ஒதுக்கினோம்.

மூன்றாவது: இந்தப் பணத்தால் வேறு என்ன செய்யலாம்? பாடத்தில் இதை அமையச் செலவு என்கிறோம். ஒன்றைத் தெரிவு செய்யும்போது கைவிடும் அடுத்த சிறந்த தெரிவே அதன் உண்மையான விலை. ராத்தாவுக்கு முன்பள்ளி ஆசிரியர் டிப்ளோமா படிக்க ஆசை. கட்டணமும் போக்குவரத்தும் சேர்த்து 1 இலட்சத்து 40 ஆயிரம். மோதிரம் வாங்கினால் அந்த டிப்ளோமா இல்லை.

நான்காவது: வாங்கிய அன்றே அதன் சந்தைப் பெறுமதி பூச்சியம் என்று நினைத்தாலும் மனம் நோகாமல் அணிய முடியுமா? மீதியிருந்த 60 ஆயிரத்துக்குத்தான் "முடியும்" என்று வாப்பா சொன்னார்.

ஆகவே எங்கள் எல்லை 60 ஆயிரம். ஒரு குடும்பத்துக்கு 6 ஆயிரமாக இருக்கலாம், இன்னொன்றுக்கு 6 இலட்சமாகவும் இருக்கலாம். எண் வேறாகலாம்; கேள்விகளின் ஒழுங்கு மாறக்கூடாது. முதலில் கடன், பிறகு அவசரம், பிறகு கல்வி, கடைசியில்தான் கல்.

இன்னொரு கணக்கையும் அந்தத் தாளின் அடியில் எழுதினேன். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக்கப்பட்டது. அந்தச் சம்பளத்தில் 4 இலட்சம் சேர, ஒரு ரூபாயும் செலவழிக்காமல் ஏறத்தாழ 296 நாள் கொழுந்து பறிக்க வேண்டும். வாப்பாவின் கடை அந்தக் கைகளால்தான் நடக்கிறது. இதை எழுதியது யாரையும் குற்றம் சொல்வதற்காக அல்ல. 4 இலட்சம் என்பது எவ்வளவு பெரிய தொகை என்று எனக்கே புரிய வேண்டியிருந்தது.

உம்மாவுக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. "மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்?" என்று கேட்டார். அது சின்னக் கேள்வி அல்ல. மகள் போகும் வீட்டில் தலைகுனியக்கூடாது என்று நினைக்காத தாய் உண்டா? வாப்பா மாப்பிள்ளை வீட்டாரிடமே நேரில் பேசினார். அவர்கள் எதுவும் எதிர்பார்க்கவில்லை என்று தெரிந்தது. நாங்கள்தான் அவர்கள் எதிர்பார்ப்பதாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம்.

கல்லிலிருந்து கல்விக்கு

பேருவளை சீனன்கோட்டையைச் சேர்ந்த நளீம் ஹாஜியார் இரத்தினக்கல் வியாபாரத்தில் பெரும் செல்வம் சேர்த்தவர். 1973இல் அவர் ஜாமிஆ நளீமிய்யா கலாபீடத்தை நிறுவினார். அங்கு படித்து வெளியேறியவர்கள் இன்று நாடெங்கும் ஆசிரியர்களாகவும் அதிகாரிகளாகவும் அறிஞர்களாகவும் இருக்கிறார்கள். கல்லை நன்கறிந்த ஒருவர், கல்லால் வந்த பணத்தைக் கல்விக்குக் கொடுத்தார். நமக்கு அவ்வளவு வசதி இல்லை. ஆனால் ஒரு மோதிரத்தின் விலைக்கும் ஒரு டிப்ளோமாவின் கட்டணத்துக்கும் இடையில் தெரிவு செய்யும் சந்தர்ப்பம் நம் ஒவ்வொரு வீட்டுக்கும் வருகிறது.

தோழியரே, நாளை உங்களுக்கும் திருமணம் பேசுவார்கள். நகையைப் பற்றிய பேச்சில் பெண்பிள்ளை வாய் திறக்கக்கூடாது என்று நினைத்து ஒதுங்கிவிடாதீர்கள். பணிவாக, கணக்கோடு பேசுங்கள். பெற்றோரே, எங்களைக் கேட்டுப் பாருங்கள். எங்களில் பலருக்கு மோதிரத்தைவிட வேறு ஆசைகள் இருக்கின்றன. நீங்கள் கேட்காததால் நாங்கள் சொல்லாமல் இருக்கிறோம்.

ராத்தாவிடம் வாப்பா கேட்டபோது அவர் சொன்னது, "உம்மம்மாவின் மோதிரத்தைத் தந்தால் போதும்" என்பதுதான். செயற்கைக் கல் என்று தெரிந்தே கேட்டார். தங்கவேலை செய்பவரிடம் கொடுத்து, தேய்ந்துபோன பிடிகளை மாற்றி, கொஞ்சம் தங்கம் சேர்த்துப் புது வடிவத்தில் செய்தோம். செலவு 28 ஆயிரம் ரூபாய். நிக்காஹ் அன்று பலர் பார்த்துவிட்டு "நல்ல மாணிக்கம்" என்றார்கள். ராத்தா சிரித்துக்கொண்டே, "கல் ஆய்வுகூடத்தில் செய்தது, மோதிரம் உம்மம்மாவுடையது" என்று எல்லோரிடமும் உண்மையைச் சொன்னார்.

டிப்ளோமா வகுப்பு அடுத்த மாதம் தொடங்குகிறது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். எங்கள் ராத்தாவின் விரலுக்கு அந்த மோதிரம் சரியாகவே இருக்கிறது.